ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்

எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத்தான். 2011 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 92 விழுக்காடு. அப்படிப் படித்து, நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியிலோ ஜவுளிக் கடையிலோ நாலைந்து வருடம் வேலை பார்த்த பெண், வயிற்றில் பிள்ளை தங்கியதும் “குடும்பச் சூழ்நிலை காரணமாக விலகுகிறேன்” என்று எழுதிக் கொடுத்துவிடுகிறாள். தொழிலாளர் வழக்குகள் நடத்தும் எனக்கு இந்தக் காகிதத்தைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. பல நேரம் அந்த வரியே அலுவலகத்தில் சொல்லச் சொல்ல எழுதியது. “பேறு முடிஞ்சு வா, எடுத்துக்கிடலாம்” என்பார்கள். திரும்பி வந்தால் அவளைப் புது ஆளாகத்தான் எடுப்பார்கள், தொடக்கச் சம்பளத்தில்.

பத்துப் பேர் வேலை செய்யும் கடையிலும் மகப்பேறுச் சட்டம் உண்டு. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும், 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. மாதம் 12,000 ரூபாய் வாங்குகிறவளுக்கு அது 72,000 ரூபாய்க்கு மேல். இந்த விடுப்பில் இருப்பவளை வேலையை விட்டு நீக்கக் கூடாது. ஆனால் நீங்களே விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டால், நிர்வாகம் அந்தக் கடிதத்தைத்தான் முதலில் நீட்டும்.

சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தால் பணம் அங்கிருந்து வரும். அதற்கு, முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களிலும் (ஒரு காலம் என்பது ஆறு மாதம்) சேர்த்து 70 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) பெண்கள் இதில்தான் அடிபடுகிறார்கள். கொட்டை வரத்து இல்லையென்று ஆலையை மூடிப்போடும் மாதங்களில் நாள் கணக்கு ஏறாது. கர்ப்பம் உறுதியானதுமே எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டாவது பிள்ளைக்கும் அதே 26 வாரம். அது தெரியாமல் இரண்டாவதோடு வேலையை விட்டவர்கள் நிறைய. இரண்டு பிள்ளைகள் இருக்கையில் மூன்றாவதுக்கு 12 வாரம். சுத்தமாகக் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

“பிள்ளைய ஆரு பாக்கதுக்கு மேடம்?” இதுதான் உண்மையான கேள்வி. மாப்பிள்ளை வளைகுடாவில் இருப்பார், மாமிக்கு முட்டுவலி. வேலையை விடச் சொல்லும் முடிவு ஒரு போன் பேச்சில் முடிந்துவிடும். அந்தப் பேச்சில் அவளுடைய வருமானத்தை யாரும் கணக்குப் போடுவதில்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வரை வீட்டில் இருந்தால், போவது அந்த வருடங்களின் சம்பளம் மட்டுமல்ல. அதன்பின் சேரும் ஒவ்வொரு வேலையிலும் தொடக்கச் சம்பளம்தான். 50 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும், தாய் நாளுக்கு நாலு தடவை போய்ப் பார்க்கலாம் என்று சட்டம் சொல்கிறது. கேட்கிறவர்கள் குறைவு. பெண்கள் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள்.

விலகியே தீர வேண்டுமென்றால், பி.எஃப்.பில் பென்ஷன் பங்கை வழித்தெடுக்க வேண்டாம். பென்ஷனுக்குப் பத்து வருடச் சேவை வேண்டும். செய்த சேவையைக் காட்டும் ஸ்கீம் சர்டிபிகேட்டை பி.எஃப். அலுவலகத்தில் வாங்கி வைத்தால் பழைய வருடங்கள் அடுத்த வேலையோடு சேரும்.

ஏற்கெனவே வற்புறுத்தலில் எழுதிக் கொடுத்திருந்தால் நாள் கடத்தாதீர்கள். ஸ்கேன் ரிப்போர்ட், சம்பளச் சீட்டு, விலகுவதைப் பற்றி வந்த வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். மனுவின் நகலில் முத்திரை வாங்க மறக்க வேண்டாம்.