கேன்சர் சிகிச்சையில் வீடியோ ஆலோசனை: எதற்கு உதவும், எதற்கு உதவாது

பீஞ்சமந்தை மலையிலிருந்து வேலூருக்கு வந்து திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும். கீமோ (கேன்சர் மருந்து) ஏற்றித் துவண்டு கிடப்பவரை, ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் காட்டுவதற்காக மட்டும் பஸ்ஸில் உட்காரவைத்துக் கூட்டிவர வேண்டியதில்லை. வீடியோவில் டாக்டரைப் பார்க்க அரசு விதியே இருக்கிறது.

2020 மார்ச் 25 அன்று வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி, பதிவு பெற்ற எந்த டாக்டரும் வீடியோவில் நோயாளியைப் பார்த்து மருந்துச் சீட்டு தரலாம். சீட்டில் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும்.

அரசின் இலவசச் சேவை இ-சஞ்சீவனி. வீட்டிலிருந்தே செல்போன் எண்ணைக் கொடுத்து, ஓடிபி போட்டு, டோக்கன் வாங்கிக் காத்திருக்கலாம். இல்லையென்றால் பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குப் போனால் அங்கிருப்பவர்களே பெரிய டாக்டருடன் இணைப்பார்கள். மலைக் கிராமத்தாருக்கு இந்த இரண்டாவது வழிதான் நல்லது என்பேன். பிபி பார்க்கவும், எடை போடவும், வீக்கத்தைத் தொட்டுப் பார்த்துச் சொல்லவும் பக்கத்தில் ஆள் இருப்பார். ஆனால் இ-சஞ்சீவனியில் வருபவர் எப்போதும் கேன்சர் டாக்டராகவே இருக்கமாட்டார். ஏற்கெனவே ஒரு மருத்துவமனையில் சிகிச்சை எடுப்பவர்கள், டிஸ்சார்ஜ் ஆகும்போதே "அடுத்த ரிவ்யூவை வீடியோவில் பார்ப்பீங்களா?" என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

டாக்டர்கள் தங்களுக்குள் கலந்துபேசவும் இதே வழி உண்டு. மும்பை டாடா நினைவு மையத்தை மையமாகக் கொண்டு 2012-இல் தொடங்கிய தேசிய கேன்சர் கிரிட்டில் நாடெங்கும் உள்ள மருத்துவமனைகள் சேர்ந்திருக்கின்றன. சிக்கலான கேஸை வீடியோவில் வைத்துப் பல துறை நிபுணர்கள் சேர்ந்து பேசுவார்கள். இப்படிக் கூடிப் பேசும் குழுவுக்குத்தான் டியூமர் போர்டு என்று பெயர். "என் கேஸை டியூமர் போர்டில் வைக்க முடியுமா?" என்று உங்கள் டாக்டரிடம் தயங்காமல் கேட்கலாம்.

எந்த வழியில் போனாலும் காகிதம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. பயாப்ஸி (சதைத் துணுக்கு எடுத்துச் செய்யும் பரிசோதனை) ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, எந்த கீமோ எந்தத் தேதியில் ஏறியது என்ற சீட்டு, இவை மூன்றும் கட்டாயம் கையில் இருக்கட்டும். ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்த போட்டோவை வைத்து முடிவெடுக்க முடியாது. ஸ்கேன் படங்கள் பதிந்த சிடியை (CD) கேட்டு வாங்குங்கள். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. யாரும் தயவு பண்ணித் தருவதல்ல, உங்கள் உரிமை.

எல்லாமே வீடியோவில் நடக்காது. பயாப்ஸி, ஆபரேஷன், கதிர்வீச்சு, ஊசி வழி கீமோ எல்லாவற்றுக்கும் நேரில்தான் போக வேண்டும். அதற்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறது: குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில். வலிக்கான மார்ஃபினையும் வீடியோவில் எழுதித் தரமாட்டார்கள். போதைப்பொருள் சட்டத்தில் வரும் மருந்துகளுக்கு அந்தத் தொலைமருத்துவ நெறிகளிலேயே தடை இருக்கிறது. அதனால் மாத்திரை தீர்வதற்குச் சில நாள் முன்பே நேரில் போய் வாங்கிவிடுங்கள்.

முக்கியமாக ஒன்று. கீமோ ஏறிய பின் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் டோக்கன் போட்டுக் காத்திருக்காதீர்கள். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் கிருமித் தொற்று சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். ராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். போனதும் "கீமோ எடுக்கிறவங்க" என்று முதலில் சொல்லி கீமோ தேதிச் சீட்டைக் காட்டுங்கள்.