அம்மான்ர சீலையும் குளக்கட்டும்: ஆங்கிலத்தில் உடைமை சொல்வது எப்படி?

கிளிநொச்சியில் பின்னேரங்களில் ஓ/எல் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். கொப்பி திருத்தும்போது அடிக்கடி கண்ணில் படுவது 'இரணைமடு ராங்க்ஸ் பண்ட்'. குளத்தின் கட்டு என்று மனதில் நினைத்து, 'இன்' வந்த இடத்தில் அப்பொஸ்ரபி என்ற சிறு மேற்குறியையும் எஸ்ஸையும் வைத்துவிடுகிறார்கள். வாசித்தால் விளங்கும். ஆனால் ஆங்கிலத்தில் இயல்பாக வருவது 'ராங்க் பண்ட்' தான்.

ஏன் என்பதற்கு விடை பிள்ளைகளின் வாயிலேயே இருக்கிறது. வன்னியில் யாரும் 'குளத்தினுடைய கட்டு' என்று பேசுவதில்லை, குளக்கட்டு என்கிறோம். பனையினுடைய ஓலை இல்லை, பனையோலை. அதே ஆள் 'அம்மாச்சீலை' என்று சொல்லமாட்டார், 'அம்மான்ர சீலை' என்பார். உடையவர் ஓர் ஆளாக இருந்தால் உருபு வருகிறது. பொருளும் பொருளும் சேர்ந்து ஒரு வகைக்குப் பெயரானால் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. மாங்குளம், புளியங்குளம் என்று ஏ9 வீதியோரம் நாம் கடக்கும் ஊர்ப்பெயர்களும் அப்படி ஒட்டியவைதான். ஆங்கிலமும் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகிறது: 'மதர்ஸ் சாறி', ஆனால் 'ராங்க் பண்ட்'. எல்லா இடத்திலும் பொருந்தாது. நமக்கு மாட்டுப்பால், அவர்களுக்கு 'கவ்ஸ் மில்க்'. நாள், கிழமை போன்ற காலச் சொற்களும் உயிரில்லாமலே எஸ்ஸை வாங்கிக்கொள்ளும்: 'ருடேய்ஸ் பேப்பர்'.

மூன்றாவது வழி 'ஒவ்'. உயிரில்லாத ஒன்றின் பகுதியையோ தன்மையையோ சொல்ல அது கைகொடுக்கும்: 'த நேம் ஒவ் த வில்லேஜ்', ஊரின் பெயர். இங்கே தமிழ் தலைகீழாகத் திரும்புகிறது. ஊர் பின்னுக்குப் போய், பெயர் முன்னுக்கு வருகிறது. பிள்ளைகள் தடுமாறுவது இந்தத் திருப்பத்தில்தான்.

சரி, அந்த மேற்குறி எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் நம்மைப் போலவே வேற்றுமை உருபுகள் இருந்தன. அரசன் 'குயுனிங்', அரசனுடைய என்றால் 'குயுனிங்கெஸ்'. ஒவ்வொரு வகைப் பெயருக்கும் வேறுவேறு உருபு இருந்தது. காலப்போக்கில் மற்றவை தேய்ந்துபோக, 'எஸ்' மட்டும் எல்லாப் பெயர்களுக்கும் பரவியது. அதிலிருந்த உயிரெழுத்தும் பேச்சில் மறைந்தது. 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு எழுத்துமுறையைப் பார்த்து, விடுபட்ட எழுத்தைக் காட்டும் குறியாக அப்பொஸ்ரபி ஆங்கிலத்துக்கு வந்தது. உடைமைக்கு அதை ஒழுங்காகப் போடும் வழக்கம் அதற்கும் பிறகுதான் நிலைத்தது. ஆக, அது ஒரு காலத்தில் இருந்த எழுத்தின் தடம். 'ஹிஸ்', 'ஹேர்ஸ்', 'இற்ஸ்' போன்ற உடைமைச் சொற்களுக்கு அந்தக் குறி கிடையாது. குறி போட்ட 'இற்ஸ்' என்றால் 'இற் இஸ்' அல்லது 'இற் ஹாஸ்' என்பதன் சுருக்கம். பரீட்சையில் பிள்ளைகள் புள்ளி இழப்பது இதில்தான் அதிகம் என்பது என் அனுபவம்.

எழுத்தில் ஒன்றாகத் தெரியும் எஸ், ஒலியில் மூன்றாகப் பிரியும். விரலைத் தொண்டையில் வைத்துப் பாருங்கள். ஆட்டைக் குறிக்கும் 'கோட்' அதிராத ஒலியில் முடிவதால் அதன் எஸ்ஸும் அதிராது. 'கவ்' அதிர்வோடு முடிவதால் எஸ்ஸும் அதிரும். தமிழில் அந்த ஒலிக்கு எழுத்தில்லை, அதனால் காதால்தான் பழக வேண்டும். 'ஹோர்ஸ்' போல ஏற்கெனவே சீறும் ஒலியில் முடிந்தால், இடையில் ஓர் இகரம் நுழைந்து 'ஹோர்ஸிஸ்' ஆகும்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. தமிழில் 'வசந்தியினதும் மாலாவினதும்' என்று இருவருக்கும் உருபு போடுகிறோம். அது இருவருக்கும் பொதுவான ஒரு சைக்கிளா, ஆளுக்கொன்றா என்பதை உருபு சொல்லாது. ஆங்கிலத்தில் சொல்லலாம். கடைசிப் பெயரில் மட்டும் எஸ் வந்தால், 'வசந்தி அண்ட் மாலாஸ்', கூட்டுச் சொத்து. இரண்டிலும் வந்தால் தனித்தனி. அங்கே எஸ் ஒரு சொல்லில் ஒட்டுவதில்லை, முழுத் தொடரின் வாலில் ஒட்டுகிறது.

அப்புறம் 'ஹாவ்'. நம் பேச்சு இங்கே ஆங்கிலத்தைவிட நுணுக்கமானது. 'எனக்கு ஒரு தங்கச்சி இருக்கு', ஆனால் 'என்னட்ட மண்வெட்டி இருக்கு'. உறவுக்கு ஓர் உருபு, கையில் இருக்கும் பொருளுக்கு இன்னொன்று. தன்னைவிட்டுப் பிரியாததைத் தற்கிழமை என்றும், பிரியக்கூடியதைப் பிறிதின்கிழமை என்றும் நன்னூல் ஆறாம் வேற்றுமையில் பிரித்துக் காட்டுவதும் இதற்குப் பக்கத்தில் வருகிற எண்ணம்தான். ஆங்கிலத்தில் தங்கச்சிக்கும் மண்வெட்டிக்கும் ஒரே 'ஐ ஹாவ்'. 'எனக்கு' என்று தொடங்கும் பழக்கத்தில் பிள்ளைகள் 'ரு மீ' என்று எழுதிவிடுகிறார்கள். உடையவரை எழுவாயாக்கித் தொடங்கச் சொன்னால் பாதி பிழை போய்விடும். மிச்சப் பாதி மண்வெட்டியை இரவல் கொடுத்த பிறகு வரும். 'என்ர மண்வெட்டிதான், ஆனா இப்ப என்னட்ட இல்லை' என்பதற்கு 'ஐ டோன்ற் ஹாவ் இற்' என்றால், மண்வெட்டியே இல்லை என்றும் கேட்பவர் எடுத்துக்கொள்ளலாம். அதன் பின்னால் 'வித் மீ' சேர்க்க வேண்டும்.