வைக்கோலையும் சேர்த்தே விற்கிறார்கள்

ஹாங்காங்கில் பேசும் கான்டனீஸ் மொழியில் ‘வோ கோன் கம் சன் சூ’ என்பார்கள். வைக்கோலால் மூடிய முத்து. கசங்கிய சட்டையோடு திரியும் பணக்காரரைப் பார்த்துச் சொல்வது. ஹாங்காங்கின் பழம்பொருள் கடைத்தெருவான கேட் ஸ்ட்ரீட்டில் மண் அப்பிய பீங்கான் கிண்ணத்தைக் கையில் எடுக்கிறவருக்கும் இதே நினைப்புதான் ஓடும்: யார் கண்ணிலும் படாதது என் கண்ணில் பட்டுவிட்டது!

அப்படி நடக்காமலும் இல்லை. 2007இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு குடும்பம் வீட்டுவாசல் விற்பனையில் 3 டாலருக்கு ஒரு வெள்ளைக் கிண்ணம் வாங்கியது. அது சீனாவின் வட சோங் வம்சக் காலத்தில் டிங் சூளைகளில் செய்த பீங்கான், ஏறக்குறைய ஆயிரம் வருடப் பழசு. 2013 மார்ச்சில் சோத்பிஸ் ஏலத்தில் 22 லட்சம் டாலரைத் தாண்டியது.

சிக்கல் என்னவென்றால், இந்தக் கதை போலி செய்பவர்களுக்கும் தெரியும். பளபளப்பை அமிலத்தால் மங்கவைப்பார்கள், தேயிலைச் சாயத்தில் ஊறவைப்பார்கள், பசையில் மண்ணைக் குழைத்து அப்புவார்கள். பரிசோதனை மேசைக்கு வருகிற ‘புதையல்’களில் நான் முதலில் பார்ப்பது அந்த அழுக்கைத்தான். நிஜமாகவே புழங்கிய கிண்ணத்தில் கீறல்கள் பல திசையில் ஓடும், கை படும் இடத்திலும் அடிவளையத்திலும் தேய்மானம் கூடுதலாக இருக்கும். அமிலம் பட்டதோ, லென்ஸில் பார்த்தால் மூலைமுடுக்கெல்லாம் ஒரே சீராக மங்கியிருக்கும். கழுவாத பாத்திரத்துக்கு எங்கிருந்து வந்தது அத்தனை ஒழுங்கு?

அடியில் அரசர் பெயர் இருக்கிறதே என்பார்கள். சீனப் பேரரசர் காங்ஷி காலச் சூளைகளிலேயே, அதற்கு இருநூறு வருடம் முந்தைய பேரரசர் செங்ஹுவாவின் முத்திரையை எழுதியிருக்கிறார்கள். அது ஏமாற்று என்றுகூடச் சொல்ல முடியாது, முன்னோர் மேல் இருந்த மரியாதை. சரி, ஆய்வகச் சான்றிதழ்? கடைசியாக எப்போது சுடப்பட்டது என்பதை வெப்ப ஒளிர்வுச் சோதனை சொல்லும், ஆனால் துகள் எடுத்த இடத்துக்கு மட்டும். பழைய உடைந்த பாத்திரத்தின் அடிப்பாகத்தைப் புது உடலில் ஒட்டி அந்தச் சோதனையையும் தாண்டியிருக்கிறார்கள்.

வீட்டில் பரம்பரையாக ஏதாவது இருந்தால் ப்ளீச் போட்டுத் தேய்க்காதீர்கள். விளிம்பில் செம்புப் பட்டை இருந்தால் கழற்றவும் வேண்டாம். டிங் கிண்ணங்களைக் கவிழ்த்துச் சுட்டதால் விளிம்பு மெருகில்லாமல் நிற்கும், அதை மறைக்கத்தான் அந்தப் பட்டை.

கடையில் வாங்குவதானால், எந்தக் காலத்தது என்பதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் மிங் வம்சக் காலத்தது என்றவர் ரசீதில் ‘அலங்காரக் கிண்ணம்’ என்று எழுதினால், அலங்காரக் கிண்ணத்துக்கு உண்டான விலையைக் கொடுங்கள். பிடித்திருந்தால் அந்த விலைக்கு வாங்கலாம், தப்பில்லை.