பிரஷ் தொகுப்பை வேறு மென்பொருளுக்கு மாற்றும்போது எது வரும், எது வராது

ஃபோட்டோஷாப்புக்கான 40 பிரஷ் கொண்ட ஒரு தொகுப்பை (ஏபிஆர் கோப்பு) ஜிம்ப் என்ற இலவசப் படத்தொகுப்பு மென்பொருளில் ஏற்றுகிறீர்கள். பட்டியலில் 16தான் தெரிகிறது. கோப்பு பழுது என்று நினைத்து மறுபடியும் தரவிறக்குவதும், விற்றவருக்குப் புகார் எழுதுவதும், ஏதோ ஒரு கன்வர்ட்டரைத் தேடிப் பிடித்து நிறுவுவதும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. கோப்பில் ஒரு பழுதும் இல்லை. ஏபிஆர் கோப்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால் மீதி 24 எங்கே போயின என்பது விளங்கிவிடும்.

ஃபோட்டோஷாப் 7 முதல் வரும் ஏபிஆர் கோப்புக்குள் மூன்று விதமான சரக்கு இருக்கும். பிரஷ் முனைகளின், அதாவது ஒரு முறை பதியும் வடிவங்களின், கறுப்பு வெள்ளைப் படங்கள் ஒன்று. டெக்ஸ்சருக்கான பேட்டர்ன்கள் இருந்தால் அவை இன்னொன்று. மூன்றாவது, ஒவ்வொரு பிரீசெட்டும் (சேமித்து வைத்த பிரஷ் அமைப்பு) எந்த முனையை எடுக்க வேண்டும், எவ்வளவு இடைவெளியில் பதிக்க வேண்டும், பேனா அழுத்தத்துக்கு எப்படி இசைந்து கொடுக்க வேண்டும் என்ற குறிப்பு. ஒரே முனையை ஐந்து பிரீசெட்டுகள் பகிர்ந்துகொண்டிருக்கலாம். சாதாரண வட்ட முனைக்கோ படமே கிடையாது. விட்டம், கடினம், கோணம் என்று வெறும் எண்கள்தான். ஜிம்ப்பும், ஓவியம் தீட்டும் மென்பொருளான கிரிட்டாவும் இந்தக் கோப்பிலிருந்து முனைப் படங்களை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. 40 பிரீசெட்டுக்கும் சேர்த்து 16 முனைப் படங்கள் இருந்தால் 16தான் வரும்.

ஆக, முனை கைமாறும். அது நடந்துகொள்ளும் விதம் கைமாறாது. அதை நாம்தான் குறித்து எடுத்துப் போக வேண்டும். குறிப்பதற்கு நேரம், பழைய மென்பொருள் இன்னும் திறக்கிற நிலையில் இருக்கும்போதுதான். சந்தா முடிந்த பிறகு ஏபிஆர் கோப்பு கையில் இருக்கும், அதற்குள் இருக்கும் குறிப்பைப் பார்க்க எளிதான வழி இருக்காது.

மாற்றும் முன் குறிக்க வேண்டியவை

தொகுப்பில் உள்ள எல்லாவற்றையும் குறிக்கத் தேவையில்லை. தினமும் கையில் எடுக்கும் எட்டு பத்து பிரஷ் போதும். ஒவ்வொன்றுக்கும் பிரஷ் செட்டிங்ஸ் பேனலின் பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஸ்பேசிங் (முனைகள் பதியும் இடைவெளி) சதவீதம், அளவைப் பேனா அழுத்தம் ஆள்கிறதா, ஆள்கிறது என்றால் மினிமம் டயாமீட்டர் எத்தனை, கோணம் கோட்டின் திசையைப் பின்பற்றுகிறதா, ஸ்கேட்டர் (சிதறல்) சதவீதமும் கவுண்ட்டும், டெக்ஸ்சரின் ஸ்கேல், டெப்த், மோட். மேலே ஆப்ஷன்ஸ் பட்டையில் இருக்கும் ஒபாசிட்டியையும் (கோடு எட்டக்கூடிய உச்ச அடர்த்தி) ஃப்ளோவையும் (ஒவ்வொரு பதிவிலும் விழும் மையின் அளவு) பலர் மறந்துவிடுகிறார்கள். பெயின்ட் பிரஷ்களின் குணத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது.

கையில் இருப்பது டிபிஎல் கோப்பு என்றால் அது டூல் பிரீசெட். ஜிம்ப்பும் கிரிட்டாவும் அதைத் தொடவே தொடாது. ஃபோட்டோஷாப் சிசி 2018 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் டூல் பிரீசெட்ஸ் பேனலைத் திறந்து, அவற்றை பிரஷ் பிரீசெட்டாக மாற்றி, பிறகு ஏபிஆராக ஏற்றுமதி செய்ய வேண்டும்.

எந்த மென்பொருளில் எங்கே போய்ச் சேரும்

ஜிம்ப்பில் பிரெஃபரன்ஸஸ், ஃபோல்டர்ஸ், பிரஷஸ் என்று போனால் எந்தக் கோப்புறை என்று காட்டும். ஏபிஆரை அதில் போட்டு பிரஷ் பட்டியலை ரிஃப்ரெஷ் செய்தால் போதும், மாற்றவே வேண்டாம். கிரிட்டா 5இல் செட்டிங்ஸ் மெனுவின் மேனேஜ் ரிசோர்ஸ் லைப்ரரீஸ் வழியாக ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு பிரீசெட் டாக்கரில் (பிரீசெட்டுகளைப் பட்டியலிடும் பலகை) தேடிப் பார்த்து ஒன்றும் இல்லை என்று கைவிட்டவர்கள் ஏராளம். அவை அங்கே வராது. பிரஷ் எடிட்டரில் பிரஷ் டிப், பிரீடிஃபைன்ட் தாவலில் முனைகளாக வந்து உட்கார்ந்திருக்கும். ஒரு முனையைத் தேர்ந்து, குணங்களை அமைத்து, புதுப் பிரீசெட்டாகச் சேமித்தால்தான் டாக்கரில் தெரியும்.

ஐபேட் ஓவிய மென்பொருளான புரோகிரியேட் 5 முதல் ஏபிஆரை நேரடியாக ஏற்கிறது. கிளிப் ஸ்டூடியோ பெயின்ட்டின் புதிய பதிப்புகளும் ஏற்கின்றன. இவை இரண்டும் குணங்களையும் ஓரளவு பெயர்க்க முயலும் என்பதால் முடிவு ஜிம்ப்பைவிட நெருக்கமாக இருக்கும். ஆனாலும் டூயல் பிரஷ் (இரண்டு முனைகளைச் சேர்த்துத் தீட்டுவது), டெக்ஸ்சர் இரண்டையும் கண்ணால் சரிபார்க்காமல் நம்பாதீர்கள்.

புரோகிரியேட்டிலிருந்து வெளியே எடுப்பது எளிது. அதன் பிரஷ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப். கோப்பின் பெயர் முடிவை ஜிப் என்று மாற்றி விரித்தால் உள்ளே ஷேப், கிரெயின் என்ற இரண்டு பிஎன்ஜி படங்கள் இருக்கும். விண்டோஸில் கோப்பு நீட்டிப்புகள் மறைந்திருந்தால் பெயர் மாற்றியதுபோல் தோன்றும், மாறியிருக்காது. முதலில் அவற்றைத் தெரியும்படி வையுங்கள். ஷேப் படம் உள்ளே இல்லாவிட்டால், அந்த பிரஷ் புரோகிரியேட்டுடன் வரும் முனையையே பயன்படுத்துகிறது என்று பொருள். மீதமிருக்கும் ஆர்க்கைவ் கோப்பில்தான் குணங்கள் எல்லாம் இருக்கின்றன, பெரும்பாலான வேறு மென்பொருள்களுக்கு அது பிடிபடாது.

எதிர்த் திசை சற்றுக் கடினம். ஜிம்ப்பிலோ கிரிட்டாவிலோ ஏபிஆராக ஏற்றுமதி செய்யும் வசதி கிடையாது. முனையைப் பிஎன்ஜியாக எடுத்து ஃபோட்டோஷாப்பில் திறந்து, எடிட் மெனுவில் டிஃபைன் பிரஷ் பிரீசெட் கொடுக்க வேண்டும். சிஎஸ்6 முதல் 5000 பிக்சல் வரை ஏற்கும். அதற்கு முந்தைய பதிப்புகளுக்கு 2500தான் எல்லை.

முனையைக் கையால் எடுக்கும் முறை

எந்த வழியும் இல்லாதபோதும் இது வேலை செய்யும். ஃபோட்டோஷாப்பில் முனையின் மூல அளவைவிடச் சற்றுப் பெரிய வெள்ளைக் கேன்வாஸ், 8 பிட் கிரேஸ்கேல். பிரஷ் செட்டிங்ஸில் ஷேப் டைனமிக்ஸ், ஸ்கேட்டரிங், டெக்ஸ்சர், டூயல் பிரஷ், டிரான்ஸ்ஃபர் எல்லாவற்றின் குறியையும் எடுத்துவிடுங்கள். அளவை மூல அளவுக்குத் திருப்புங்கள். சுருக்கியோ பெருக்கியோ எடுத்தால் ஓரம் மங்கிவிடும். ஒபாசிட்டி, ஃப்ளோ இரண்டும் 100. நிறம் சுத்தமான கறுப்பு. இப்போது பேனாவை வைத்துவிட்டு மவுஸால் ஒரே ஒரு கிளிக். பேனாவில் அழுத்தம் புகுந்துவிடும். பிஎன்ஜியாகச் சேமியுங்கள். ஜேபெக் வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

வெள்ளையாகத் தெரியும் பின்னணி உண்மையில் 255 (முழு வெள்ளை) இல்லாமல் 252 ஆக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. முனையாக மாறும்போது அந்த 3 அளவு, சுமார் 1.2 சதவீத மையாகிறது. ஸ்பேசிங் 5 சதவீதம் என்றால் கோடு போகும் வழியில் ஒவ்வோர் இடத்தின் மீதும் முனை 20 முறை விழுகிறது. ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து அது 21 சதவீதம் ஆகிவிடும். அழகான சாக்பீஸ் கோட்டின் இருபுறமும் சாம்பல் நிறப் பட்டை ஓடுகிறதே, அதன் காரணம் இதுதான். ஜேபெக் அமுக்கத்தில் விளிம்பைச் சுற்றி உண்டாகும் இரைச்சலும் இதையே செய்யும். தீர்வு சிறியது: லெவல்ஸ் என்ற வெளிச்சத் திருத்தப் பெட்டியில் வெள்ளைப் புள்ளியை 255இலிருந்து 245க்கு இறக்குங்கள். முனையைச் சுற்றி நான்கு பக்கமும் சில பிக்சல் சுத்த வெள்ளை விட்டு வெட்டுங்கள்.

அடுத்த பொறி கறுப்பு வெள்ளை தலைகீழாவது. ஃபோட்டோஷாப், ஜிம்ப், கிரிட்டா மூன்றிலும் முனைப் படத்தில் கறுப்பு தீட்டும், வெள்ளை தீட்டாது. புரோகிரியேட்டில் வெள்ளைதான் தீட்டும். கோட்டுக்குப் பதிலாக நடுவில் ஓட்டை விழுந்த சதுரங்கள் வந்தால் படத்தை இன்வெர்ட் செய்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள், சரியாகிவிடும்.

பிரஷ் நாம் தேர்ந்த நிறத்தை எடுக்காமல் எப்போதும் கறுப்பாகவே தீட்டினால், முனைப் படம் ஆர்ஜிபியாக இருக்கிறது. ஜிம்ப்பில் ஜிபிஆராக (ஜிம்ப்பின் பிரஷ் கோப்பு) ஏற்றுமதி செய்யும் முன் இமேஜ் மெனுவில் மோடை கிரேஸ்கேலுக்கு மாற்றி, ஆல்ஃபா சேனலை நீக்குங்கள். கிளிப் ஸ்டூடியோவில் முனையை மெட்டீரியலாகப் பதியும் முன் அந்த லேயரின் எக்ஸ்பிரஷன் கலரை கிரேக்கு மாற்ற வேண்டும். பதியும் பெட்டியில் பிரஷ் டிப் ஷேப்புக்குப் பயன்படுத்து என்ற குறியும் வேண்டும். அந்தக் குறி இல்லாவிட்டால் மெட்டீரியல் பதிந்துவிடும், முனைப் பட்டியலில் மட்டும் காணாது.

குணங்களைத் திரும்பக் கட்டுவது

ஸ்பேசிங்கிலிருந்து தொடங்குங்கள், பாதி வித்தியாசம் அதிலேயே மறையும். ஃபோட்டோஷாப்பின் 10 சதவீதம் கிரிட்டாவில் 0.10. கிரிட்டாவில் ஆட்டோ குறி போட்டிருந்தால் உங்கள் எண்ணுக்கு மதிப்பில்லை. 200 பிக்சல் இலை முனை ஒன்று 120 சதவீத இடைவெளியில், அதாவது 240 பிக்சலுக்கு ஒன்றாகத் தனித்தனி இலையாக விழ வேண்டியது, 10 சதவீதத்தில் 20 பிக்சலுக்கு ஒன்றாக விழுந்து பச்சைப் புழு போல ஆகிவிடும்.

மினிமம் டயாமீட்டர் 20 சதவீதம் என்று குறித்திருந்தால், கிரிட்டாவில் சைஸ் பகுதியில் பிரஷர் வளைவின் இடது முனைப் புள்ளியை 0.2 உயரத்துக்குத் தூக்குங்கள். எதிர்த் திசையில் போகும்போது இழப்பு உண்டு: கிரிட்டாவில் ஒவ்வொரு குணத்துக்கும் வளைவு வரையலாம், ஃபோட்டோஷாப்பில் பிரீசெட்டுக்கு அப்படி வளைவு கிடையாது. வளைவின் தொடக்க உயரத்தை மட்டும்தான் அங்கே கொண்டுபோக முடியும்.

ஃப்ளோ 10, ஒபாசிட்டி 60 என்ற பிரஷ்ஷில், பேனாவை எடுக்காமல் தேய்க்கும்வரை மை கூடிக்கொண்டே போகும், ஆனால் 60ஐத் தாண்டாது. கிரிட்டாவில் இதே நடத்தைக்குப் பெயின்டிங் மோடை வாஷ் என்று வைத்து, ஃப்ளோ 10, ஒபாசிட்டி 60 என்று கொடுங்கள். பில்ட் அப் வைத்தால் அந்த வரம்பு உடைந்து முழுக் கறுப்புவரை போய்விடும்.

ஜிம்ப்பில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளாவிட்டால் எவ்வளவு உழைத்தாலும் பலனில்லை. அங்கே முனை ஒரு கோப்பு, அழுத்தத்துக்கான டைனமிக்ஸ் வேறு கோப்பு, இரண்டையும் சேர்த்துக் கட்டும் டூல் பிரீசெட் மூன்றாவது கோப்பு: ஜிபிஆர், ஜிடின், ஜிடிபி. நண்பருக்குத் தொகுப்பு அனுப்பும்போது ஜிபிஆரை மட்டும் அனுப்பினால் அவருக்கு வெறும் முத்திரைகள்தான் போய்ச் சேரும்.

டெக்ஸ்சருக்கு: ஃபோட்டோஷாப்பில் பேட்டர்னின் பிக்சல் அளவைப் பார்த்து, துல்லியமாக அதே அளவில் கேன்வாஸ் திறந்து, அந்தப் பேட்டர்னால் நிரப்பி, பிஎன்ஜியாகச் சேமிக்க வேண்டும். ஒரு பிக்சல் கூடினாலும் குறைந்தாலும் ஓடுகள் சேரும் இடத்தில் கோடு தெரியும். பேட் என்ற நீட்டிப்பு ஃபோட்டோஷாப்புக்கும் ஜிம்ப்புக்கும் பொதுவாக இருந்தாலும் உள்ளே இரண்டும் வேறு வேறு வடிவம்.

சில பிரஷ்களை மாற்ற முயல்வதே வீண். மைபெயின்ட் என்ற ஓவிய மென்பொருளின் பிரஷ்களில் முனைப் படமே கிடையாது, கணக்கால் தீட்டுபவை. கிரிட்டாவின் பிரிஸ்ல், ஸ்கெட்ச் எஞ்சின்களில் முனை இருந்தாலும் கோட்டைத் தீர்மானிப்பது கணக்குதான். பல முனைப் படங்களை (அறைகளை) வைத்திருக்கும் ஜிம்ப்பின் ஜிஐஎச் பிரஷ் கிரிட்டாவுக்கு அப்படியே போகும். ஃபோட்டோஷாப்புக்குப் போனால் 12 அறையும் 12 தனி பிரஷ்ஷாகும். கோட்டின் நடுவே மாறி மாறி விழும் தன்மை போய்விடும்.

உரிமம், பாதுகாப்பு

விலை கொடுத்து வாங்கிய தொகுப்பை உங்கள் உபயோகத்துக்கு மாற்றலாமா என்பது அதன் உரிமக் குறிப்பைப் பொறுத்தது. மாற்றிய வடிவத்தை மற்றவர்களுக்குக் கொடுப்பது வேறு செயல், பெரும்பாலான வணிக உரிமங்கள் அதைத் தடுக்கின்றன. இணையவழிக் கன்வர்ட்டரில் பதிவேற்றுவதும் கோப்பை இன்னொருவர் கையில் கொடுப்பதுதான். இலவச பிரஷ் என்று தரவிறக்கிய ஜிப்பில் இஎக்ஸ்இ கோப்பு இருந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள். எந்த பிரஷ்ஷுக்கும் இயங்கும் கோப்பு தேவைப்படாது.

சரிபார்க்க நான்கு கோடு

பழைய மென்பொருளில் ஒவ்வொரு பிரஷ்ஷாலும் ஒரு கிளிக், மெதுவான நேர்க்கோடு ஒன்று, வேகமான வளைவு ஒன்று, அழுத்தம் பூஜ்யத்திலிருந்து முழுசுக்கு ஏறும் கோடு ஒன்று, இவற்றைத் தீட்டி பிஎன்ஜியாக வைத்துக்கொள்ளுங்கள். புதியதில் அதே அளவில் அதே நான்கையும் தீட்டிப் பக்கத்தில் வையுங்கள். கிளிக் பொருந்தவில்லை என்றால் முனைப் படத்தில் கோளாறு. கிளிக் பொருந்தி நேர்க்கோடு பொருந்தாவிட்டால் ஸ்பேசிங் அல்லது ஃப்ளோ. வளைவு மட்டும் முறுக்கிக்கொண்டால் கோணத்தின் திசை அமைப்பு. நான்காவது கோட்டின் தொடக்கம் தடித்தோ மெலிந்தோ இருந்தால் அழுத்த வளைவின் இடது புள்ளி.