ஈகோசிஸ்டம்: சூழல் மண்டலமா, சூழல் தொகுதியா?

வேலூரில் ஒரு பள்ளிப் பிள்ளையிடம் ‘மண்டலம்’ என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். மாநகராட்சி மண்டல அலுவலகத்தைச் சொல்லும். அதன் பாட்டியைக் கேட்டால் நாட்டு மருந்து ஒரு மண்டலம் சாப்பிட வேண்டும் என்பார், அதாவது 48 நாள். கொஞ்சம் சரித்திரம் படித்த தாத்தா பக்கத்தில் இருந்தால் தொண்டை மண்டலம் என்று ஆரம்பித்துவிடுவார், நாம் குடியிருப்பதே அதில்தானே. இத்தனையையும் தலையில் வைத்துக்கொண்டு அறிவியல் புத்தகத்தைத் திறக்கிற பிள்ளைக்கு, ‘ஈகோசிஸ்டம்’ என்பதைத் தமிழாக்கி ‘சூழ்நிலை மண்டலம்’ என்று ஒரு பாடம் வந்தால் என்ன புரியும்? ‘சூழ்நிலை’யோ லீவு லெட்டரில் வருகிற ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’. ஆக இரண்டு பாதியும் வேறெங்கோ இழுத்துக்கொண்டு போகின்றன.

சரி, மூலச் சொல்லுக்குப் போவோம். ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல், உயிர்களுக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள உறவைப் படிக்கிற துறைக்கு 1866-இல் ‘எகாலஜி’ என்ற பெயரை உருவாக்கினார். அதிலுள்ள ‘ஓய்கோஸ்’ கிரேக்கச் சொல், வீடு என்று பொருள். எகனாமிக்ஸிலும் அதே வீடுதான் இருக்கிறது. ‘சிஸ்டம்’ என்பதும் கிரேக்கத்திலிருந்து வந்ததுதான், பலவற்றை ஒன்றாகச் சேர்த்து நிறுத்தியது என்று அர்த்தம். இந்த இரண்டையும் ஒட்டி ‘ஈகோசிஸ்டம்’ என்று 1935-இல் அச்சில் எழுதியவர் ஆர்தர் டான்ஸ்லி என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர். சொல்லை அவருக்கு எடுத்துக்கொடுத்தவர் ராய் கிளாபம் என்ற இளைய சகா என்று சொல்வார்கள். அந்தக் காலத்தில் சிலர் ஒரு காட்டின் செடிகொடிக் கூட்டத்தையே ஒரு பெரிய உயிர் மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள், அது டான்ஸ்லிக்குப் பிடிக்கவில்லை. உயிர்களை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்துப் பேச முடியாது, மண், நீர், வெயில், காற்று எல்லாம் சேர்ந்துதான் ஒரே அமைப்பு என்றார். பிள்ளைகள் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். ஈகோசிஸ்டம் என்றால் மிருகங்களின் பட்டியல் என்று நினைத்து யானை, புலி, மான் என்று எழுதிக்கொண்டே போகிறார்கள், தண்ணீரை எழுதுவதே இல்லை.

நம் பக்கத்து ஏரி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், காவேரிப்பாக்கம் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும் என்றில்லை. வண்டல், தண்ணீர், வெயில். பாசி, அல்லி. பாசியைத் தின்கிற பூச்சிகள், பூச்சியைத் தின்கிற கெண்டைக் குஞ்சு, அதைப் பிடிக்கும் விரால், மேலே காத்திருக்கும் நீர்க்காகம். கரை போட்டிருப்பதால் இதற்கு எல்லை இருக்கிற மாதிரி தெரியும். ஆனால் 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்த மாதிரி ஒரு மழை பிடித்து ஏரி நிரம்பிக் கோடி போனால், தண்ணீரோடு மீனும் கால்வாயில் இறங்கி அடுத்த ஏரிக்குப் போய்விடும். நீர்க்காகத்துக்குக் கரை ஒரு கணக்கே இல்லை. ஈகோசிஸ்டத்தின் எல்லை என்பது பார்க்கிறவர் தன் வசதிக்குப் போட்டுக்கொள்கிற கோடு. ஒரு குட்டையும் ஈகோசிஸ்டம்தான், ஜவ்வாது மலை முழுவதும் ஈகோசிஸ்டம்தான். வட்டம், எல்லை கட்டிய நிலப்பகுதி என்ற பொருளில் வடமொழியிலிருந்து வந்த ‘மண்டலம்’ இங்கேதான் கொஞ்சம் ஏமாற்றுகிறது.

உயிரில்லாத பாதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்தப் பக்கத்துக்காரர்கள் வெளியூர் உதாரணம் தேட வேண்டாம். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் ஷாப்புகளில், கெடாமல் இருக்க உப்பில் ஊறி வந்த தோலைக் கழுவுகிற தண்ணீரும் பதனிடும் ரசாயனமும் பல வருஷம் நிலத்திலும் பாலாற்றிலும் போய்ச் சேர்ந்தன. யாரும் தவளையைப் பிடித்துக் கொல்லவில்லை, கொக்கைச் சுடவில்லை. மண்ணும் கிணற்றுத் தண்ணீரும் மாறின, அவ்வளவுதான், ஆனால் பயிர் வராத மண்ணில் வெட்டுக்கிளிக்கு என்ன வேலை, வெட்டுக்கிளி இல்லாத இடத்தில் தவளைக்கு என்ன வேலை? சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்று 1996-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்திய சட்டத்தின் ஒரு பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. வேலூர் பேரில்தான் அந்த வழக்கு சட்டப் புத்தகங்களில் இருக்கிறது.

மறுபடி சொல்லுக்கு வருகிறேன். ‘சிஸ்டம்’ என்பதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஒரே சொல்லில் நிற்பதில்லை. நரம்பு மண்டலம், செரிமான மண்டலம் என்பார்கள், ஆனால் சூரியனிடம் போனதும் அது சூரியக் குடும்பம் ஆகிவிடும். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இந்தக் குழப்பம் கிடையாது. நரம்புத் தொகுதி, சமிபாட்டுத் தொகுதி, ஞாயிற்றுத் தொகுதி, அதே வரிசையில் சூழல் தொகுதி, அதைச் சேர்த்துச் ‘சூழற்றொகுதி’ என்றும் எழுதுவார்கள். தொகு என்றால் ஒன்று சேர்ப்பது. டான்ஸ்லி மனதில் இருந்ததற்கு இதைவிடக் கிட்டே வருகிற சொல் தமிழில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ‘தொகுதி என்றால் எலெக்‌ஷன் தொகுதி ஆச்சே’ என்பார்கள். இலங்கையிலும் தேர்தல் தொகுதி என்றுதான் சொல்கிறார்கள், அங்கே எந்தப் பிள்ளையும் எம்.பி.யைத் தேடி ஏரிக்குப் போகவில்லை. முன்பாதிக்குச் ‘சூழல்’ போதும். சூழ் என்ற வினையிலிருந்து வந்த தமிழ்ச் சொல், சுற்றி இருப்பது என்று நேராகச் சொல்லிவிடுகிறது.

‘திணை’ என்றே சொல்லலாமே என்பவர்களும் உண்டு. ஆசையான யோசனைதான். நிலமும் காலமும் முதற்பொருள், உணவும் விலங்கும் மரமும் பறவையும் கருப்பொருள் என்று தொல்காப்பியம் வகுத்திருப்பது டான்ஸ்லி சொன்னதற்கு ஓரளவு பக்கத்தில் வருகிறது. ஆனால் திணையில் தெய்வம் உண்டு, பறை உண்டு, காதலர் பிரிவும் ஊடலும் உண்டு. எது எதைத் தின்கிறது என்பது திணையின் கேள்வியே இல்லை, அதனால் அதை இலக்கியத்துக்கே விட்டுவிடலாம்.

அந்தக் கேள்வியைக் கேட்பது உணவுச் சங்கிலி. 1920-களில் ஸ்பிட்ஸ்பெர்கன் என்ற பனித் தீவுகளில் விலங்குகளைப் பார்த்துவிட்டு வந்த ஆங்கிலேய விலங்கியலாளர் சார்லஸ் எல்டன் 1927-இல் இந்தப் பெயரை நிலைநிறுத்தினார். ‘சங்கிலி’ வடமொழிச் ‘சிருங்கலா’ தேய்ந்து வந்தது. ‘உணவுத் தொடர்’ என்றும் எழுதலாம், தப்பில்லை, ஆனால் ஒரு கண்ணி அறுந்தால் மொத்தமும் போய்விடும் என்பது சங்கிலியில்தான் பளிச்சென்று தெரிகிறது. எனக்கு இதில் பிடித்த சொல் ‘உண்ணி’. உண்பது எதுவோ அது உண்ணி: தாவர உண்ணி, ஊன் உண்ணி, அனைத்துண்ணி, ஒட்டுண்ணி. ஊரில் வெறுமனே உண்ணி என்றால் மாட்டுக் காதிலும் மடிப் பக்கத்திலும் கடித்துக்கொண்டு ரத்தம் குடித்து மொச்சைக்கொட்டை மாதிரி உப்பியிருக்குமே, அது. அதைக் கொத்தித் தின்னும் என்பதால் மாட்டோடு திரிகிற வெள்ளைக் கொக்குக்கு உண்ணிக்கொக்கு என்று பேர். புல், மாடு, உண்ணி, கொக்கு: ஒரு பறவையின் பேரைச் சொன்னால் பாதிச் சங்கிலி வந்துவிடுகிறது.

உண்மையில் அந்தக் கொக்குக்கு உண்ணி சில்லறைத் தீனிதான். மாடு காலை எடுத்து வைக்கிறபோது புல்லிலிருந்து எகிறுகிற வெட்டுக்கிளிதான் அதன் முக்கியச் சாப்பாடு. கழனியில் சேடை ஓட்டுகிற டிராக்டர் பின்னால் அதே கொக்குகள் வரிசை கட்டி வருவதும் இதற்காகத்தான், டிராக்டரில் ஏது உண்ணி?

படம் போடும்போது பெரும்பாலும் சறுக்குகிற இடம் அம்புக்குறி. கொக்கு வெட்டுக்கிளியைத் தின்கிறது என்பதால் கொக்கிலிருந்து வெட்டுக்கிளிக்கு அம்பு போட்டுவிடுகிறார்கள். அம்பு காட்டுவது சாப்பாடும் ஆற்றலும் போகிற திசையை, ஆகவே அம்பின் முனை எங்கேயோ அங்கேதான் வாய் என்று சொல்லிக்கொடுத்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். போகிற வழியில் ஆற்றல் நிறைய வீணாகவும் போகிறது. புல்லில் 1,000 கலோரி இருந்தால் வெட்டுக்கிளி உடம்பில் சேருவது ஏறக்குறைய 100, தவளைக்கு 10, பாம்புக்கு 1. இது குத்துமதிப்பு, எல்லா இடத்திலும் அச்சாக அப்படியே இருக்காது. இந்த வழியில் முதலில் கணக்குப் போட்டவர் ரேமண்ட் லிண்டமன், அமெரிக்காவில் ஒரு சின்ன ஏரியை வைத்து. 1942-இல் அந்தக் கட்டுரை அச்சாகும் முன்பே 26 வயதில் இறந்துபோனார். அப்புறம், வெட்டுக்கிளியைக் கொக்கும் தின்னும், தவளையும் தின்னும், ஓணானும் தின்னும், அதனால் சங்கிலிகள் பின்னிக்கொண்டு உணவு வலை ஆகின்றன. எல்டன் அதை அப்போது உணவுச் சுழற்சி என்றுதான் எழுதினார்.

இந்தச் சங்கிலியில் தன் உணவைத் தானே தயாரிக்கிற செடிகொடி உற்பத்தியாளர், மற்றதைத் தின்று வாழ்பவை நுகர்வோர். இரண்டும் ஏதோ வியாபாரச் சொல் மாதிரி இருந்தாலும் பொருத்தமானவைதான். உற்பத்தி என்றால் தோன்றுதல், நுகர்தல் என்றால் அனுபவித்தல், உண்ணுதல். இடிப்பது, செத்ததை மக்க வைக்கிற உயிர்களுக்கு வைத்த ‘சிதைப்பவை’ என்ற பேரில்தான், கேட்டாலே ஏதோ நாசம் பண்ணுகிற ஜந்து மாதிரி இருக்கிறது. குப்பை வண்டியைப் பார்த்தே ‘மக்கும் குப்பை’ பிள்ளைகளுக்குத் தெரியும், எருக்குழியில் இலைதழை மக்குவதும் தெரியும், எழுத்தில் அது ‘மட்கு’. ‘மட்கச் செய்பவை’ என்றால் பாக்டீரியாவும் காளானும் செத்ததை மறுபடி மண்ணுக்கு உரமாக்கித் தருகிற வேலை அதிலேயே தெரிந்துவிடும். மண்புழுவையும் இதில் எழுதலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அது சருகைத் தின்று பொடியாக்கிக் கொடுக்கிறது, கடைசி வேலையை முடிப்பது பாக்டீரியாவும் காளானும், அதனால் சின்ன வகுப்பில் சேர்த்து எழுதினாலும் மார்க்கைக் குறைக்க வேண்டியதில்லை.