திமிங்கல எச்சம்: கையில் வைத்திருந்தாலே குற்றம்

வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வரும். தராசுத் தட்டில் சாம்பல் நிறக் கட்டி. சூடான ஊசியைக் குத்தினால் கருப்பாக உருகும். "ஒரிஜினல் அம்பர்கிரிஸ், கிலோ கோடிக்குப் போகுது, பார்ட்டி பிடிச்சுக் குடுத்தா கமிஷன்" என்று ஒரு குரல். கடலே இல்லாத சேலத்தில் யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்துச் சிலர் இதில் இறங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து இறங்காதீர்கள்.

திமிங்கல எச்சம் என்றும் அம்பர்கிரிஸ் என்றும் சொல்லப்படும் அந்தக் கட்டி ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உருவாவது. அந்தத் திமிங்கலம் விழுங்கும் கணவாய்களின் கெட்டியான அலகுகள் செரிக்காது. அவற்றைச் சுற்றித்தான் இது திரள்கிறது. எல்லாத் திமிங்கலத்திலும் இருக்காது, மிகச் சிலவற்றில்தான். வாசனைத் திரவியத்தில் மணம் நீடிக்க உதவுவதால்தான் இந்த விலை. எண்ணெய்க்காக இந்த இனத்தை இரண்டு நூற்றாண்டுக்கு மேல் வேட்டையாடினார்கள். 1986 முதல் வணிகத் திமிங்கல வேட்டைக்கு உலக அளவில் தடை இருந்தும் இன்றுவரை எண்ணிக்கை பழையபடி மீளவில்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன்-னின் சிவப்புப் பட்டியலில் இது அழிவாய்ப்புள்ள இனம். உடலில் இருப்பதற்கு விலை வைத்தால் உயிருக்கும் விலை வைத்ததாகிவிடும்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 நாடு முழுவதற்கும் பொருந்தும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்குள் வரும் காட்டெருமைக்கு எந்தச் சட்டமோ, அதேதான் ஆழ்கடல் திமிங்கலத்துக்கும். இரண்டுமே அதிகப் பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கின்றன.

"திமிங்கலத்தை யாரும் கொல்லலையே, அது கழிவுதானே?" என்பது தரகர்கள் சொல்லும் வாதம். ஆனால் சட்டத்தின் 2-வது பிரிவில், பதப்படுத்தாத விலங்கு உடற்பொருள் எது என்று சொல்லும் விளக்கத்தில் கஸ்தூரியோடு சேர்த்து அம்பர்கிரிஸையும் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். பிரிட்டனில் கரையில் கிடைத்ததை விற்றுப் பணக்காரர் ஆனார்கள் என்ற செய்தியைக் காட்டுவார்கள். அது அந்த நாட்டுச் சட்டம், இங்கே செல்லாது.

தண்டனை: குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்படி அபராதம் ரூ.25,000-க்குக் குறையாது. ஜாமீன் எளிதல்ல. பொருள் உங்களிடம் பிடிபட்டால், முறையாக வந்தது என்று நிரூபிக்க வேண்டியதும் நீங்கள்தான். கமிஷனுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவரும், காரில் ஏற்றிக்கொண்டு வருபவரும் வழக்கில் சிக்குவார்கள்.

ஒருவேளை எப்படியோ உங்கள் கைக்கு வந்துவிட்டால்? 39-வது பிரிவின்படி அது அரசின் சொத்து. 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற வன அலுவலரிடமோ தெரிவித்து, கேட்டால் ஒப்படைத்துவிட வேண்டும். "விசாரிச்சுப் பார்த்துட்டுச் சொல்லலாம்" என்று வீட்டில் வைத்துக்கொண்டு நாள் கடத்துவதுதான் ஆபத்து.

விற்க வந்தவரைப் பற்றித் தகவல் கொடுத்து, அதனால் குற்றம் நிரூபணமானால், அபராதத் தொகையில் பாதி வரை உங்களுக்கு வெகுமதி தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. வந்த வீடியோ, பேசிய நம்பர் எதையும் அழிக்காமல் அதிகாரியிடம் காட்டுங்கள். மற்றவர்களுக்கு ஃபார்வர்டு செய்ய வேண்டாம்.