ஆப்பை அழித்தாலும் அழியாத பழைய லாகின்

"ஆபீஸ் ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள், இனி சிங்கிள் சைன்-ஆன்" என்று ஐடி டீமிடமிருந்து மெயில் வரும். ஒரே ஆபீஸ் கணக்கை வைத்துப் பல ஆப்களில் நுழைவதுதான் சிங்கிள் சைன்-ஆன். லாகின் முறை மாறினால் ஆப்பை ஏன் நீக்க வேண்டும்?

டோக்கன்தான் காரணம். நீங்கள் லாகின் செய்தவர் என்று காட்டும் டிஜிட்டல் அனுமதிச் சீட்டு அது. முதல் லாகினில் கிடைத்த டோக்கனைப் போனில் பத்திரப்படுத்திக்கொண்டு, அதைக் காட்டியே ஆப் தினமும் உள்ளே போகிறது. சர்வரிடம் நேரடியாகக் காட்டும் டோக்கன் ஒரு மணி நேரம் போலத்தான் செல்லும். அது தீர்ந்ததும் அடுத்ததை வாங்கித் தரும் ரெஃப்ரெஷ் டோக்கனுக்கு ஆயுள் அதிகம். நிறுவனங்களுக்கான மைக்ரோசாஃப்டின் லாகின் சேவையான என்ட்ராவில் வழக்கமாக 90 நாள். பழைய முறையில் வாங்கிய டோக்கன் செல்லுபடியாகும் வரை ஆப் புது வாசலைத் தேடிப் போகாது.

நீக்கினால் எல்லாம் போய்விடும் என்று நம்புவதில்தான் சிக்கல். ஐபோனில் ரகசியங்களைச் சேமிக்கும் பெட்டகமான கீசெயினுக்குள் வைத்த டோக்கன், ஆப்பை நீக்கிய பிறகும் அங்கேயே இருக்கும். ஆகவே முதலில் சைன் அவுட், பிறகுதான் நீக்கம். ஐபோனில் இருக்கும் 'ஆஃப்லோட்' என்பது முழு நீக்கம் அல்ல. ஆப்பை மட்டும் எடுத்துவிட்டு, தரவை அப்படியே விட்டுவைக்கும். ஆண்ட்ராய்டில் வேறு கதை: நீக்கினால் தரவும் போகும், ஆனால் ஆண்ட்ராய்டு 6 முதல் ஆப் ஒன்றுக்கு 25 எம்பி வரை கூகுள் பேக்கப் எடுக்கிறது. ஆப்பை உருவாக்கியவர்கள் லாகின் கோப்புகளை அதிலிருந்து விலக்கத் தவறியிருந்தால், மறு இன்ஸ்டாலில் அவையும் திரும்பி வரும். அவற்றைப் பூட்டிய சாவி மட்டும் வராது, அது போனின் கீஸ்டோர் என்ற சாவிப் பெட்டகத்தில் இருந்தது. பூட்டு வந்து சாவி வராததால் சில ஆப்கள் திறந்த நொடியே மூடிக்கொள்ளும். செட்டிங்ஸில் அந்த ஆப்பின் ஸ்டோரேஜைக் கிளியர் செய்தால் சரியாகும்.

நீக்கும் முன் அனுப்பாத படிவங்களையும் படங்களையும் சிங்க் செய்துவிடுங்கள். இதைத்தான் பலரும் மறக்கிறார்கள்.

புதிதாக நிறுவியதும் ஆபீஸ் மெயில் முகவரியைக் கொடுங்கள். @ குறிக்குப் பின்னால் இருப்பதை வைத்தே எந்த நிறுவனத்தின் லாகின் பக்கம் என்று ஆப் கண்டுபிடிக்கும். அடுத்து பிரவுசர் திறக்கும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் திறக்க வேண்டும்: பாஸ்வேர்ட் ஆப்பின் கண்ணில் படாது, ஏற்கெனவே பிரவுசரில் லாகின் ஆகியிருந்தால் மறுபடி டைப் செய்யவும் வேண்டியதில்லை.

பிரவுசர் திறப்பதற்கு முன் ஆப் ஒரு ரகசியச் சரத்தை உருவாக்கித் தன்னிடம் வைத்துக்கொண்டு, அதன் ஷா-256 ஹாஷை, அதாவது மூலத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாத கணக்கீட்டுச் சுருக்கத்தை, மட்டும் அனுப்புகிறது. லாகின் முடிந்ததும் வரும் ஒருமுறைக் குறியீட்டை, அந்த ரகசியத்தோடு சேர்த்துக் கொடுத்தால்தான் டோக்கன் கிடைக்கும். நடுவில் வேறொரு ஆப் குறியீட்டைப் பிடுங்கினாலும் பயனில்லை. பிகேசிஇ எனப்படும் இந்த ஏற்பாடு 2015-இல் தரமாக வெளியானது.

பிரவுசரில் சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கு திறந்திருந்தால் அதையே எடுத்துக்கொண்டு 50020 என்ற பிழை வரலாம். அதிலிருந்து வெளியேறி, ஆபீஸ் கணக்கைத் தேர்ந்தெடுங்கள். 50105 வந்தால் அந்த ஆப்பை உங்களுக்கு ஒதுக்கவில்லை என்று பொருள். எத்தனை முறை இன்ஸ்டால் செய்தாலும் தீராது, ஐடி டீம்தான் சேர்க்க வேண்டும். போனில் கடிகாரத்தைக் கையால் மாற்றி வைத்திருந்தாலும் லாகின் முறியும், டோக்கனில் நேரம் எழுதியிருக்கிறது. ஆபீஸ் ஆப்களுக்கென்று தனிப் பகுதியான வொர்க் புரொஃபைல் உள்ள ஆண்ட்ராய்டு போனில் பெட்டிச் சின்னம் போட்ட பிளே ஸ்டோரிலிருந்தே இறக்குங்கள்.

இந்த அவசரத்தில் ஆத்தென்டிகேட்டர் ஆப்பையும் சேர்த்து நீக்கிவிடாதீர்கள். புது லாகினுக்கு ஒப்புதல் கேட்டு வரப்போவது அதற்குத்தான்.